ஐம்பது தியேட்டர் வேண்டாம், எட்டுக் காட்சி போதும்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் திண்டாடும் ஒரு சிறு விவசாயியைப் பற்றி நண்பர்களோடு சேர்ந்து ஒன்றரை மணி நேரப் படம் எடுத்திருக்கிறார். இரண்டு திரைப்பட விழாக்களில் தேர்வானது, பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதமாக எந்த விநியோகஸ்தரும் போனை எடுப்பதில்லை. இப்போது ஒருவர் வந்து, நாலு லட்சம் கொடுத்தால் ஐம்பது தியேட்டரில் போட்டுத் தருகிறேன் என்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

விநியோகஸ்தரைப் பிடிப்பது எப்படி என்று கேட்பதுபோல இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு கேள்வி. படம் ஓடாவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? சினிமா விநியோகம் மொத்தமும் அந்த ஒரு கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லும் ஏற்பாடுதான். அதிலிருந்து பார்த்தால் போனை ஏன் எடுப்பதில்லை என்பதும் புரியும், நாலு லட்சம் கேட்பவர் யார் என்பதும் புரியும்.

நான் 1998இல் கோவையில் ஒரு விநியோக ஆபீஸில் ரெப்பாகச் சேர்ந்தேன். ரெப் என்றால் தியேட்டருக்குப் போய் உட்கார்ந்து, டிக்கெட் கட்டுகளின் ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் குறித்து, அன்றைய வசூல் அறிக்கையில், அதாவது டி.சி.ஆரில், கையெழுத்துப் போட்டு, பங்குப் பணத்தை வாங்கி வருகிறவன். அப்போது படம் பெட்டியில் வரும். மேட்டுப்பாளையத்தில் பஸ் கூரையில் பெட்டியை ஏற்றிவிட்டு, பர்லியாறு தாண்டும் வரை மழை பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வருவேன். ஒரு முறை மண் சரிந்து வழி அடைத்து, மேட்னிக்குப் போக வேண்டிய பெட்டி செகண்ட் ஷோவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. பிறகு நான்கு சின்னப் படங்களுக்கு வெளியீட்டு வேலை பார்த்தேன். இப்போது குன்னூரில் இருக்கிறேன். கோவை ஏரியாவைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வெளிநாட்டு விற்பனை என் கை படாத இடம், அதை அந்தத் தொழிலில் இருப்பவரிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டை விநியோகத்துக்காக ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை சிட்டி, செங்கல்பட்டு, ஆற்காடுகள், கோவை, சேலம், மதுரை ராம்நாடு, திருச்சி தஞ்சை, நெல்லை குமரி. நீலகிரி கோவை ஏரியாவுக்குள் வரும். ஒரு ஏரியாவுக்குப் படம் போவதில் சில வகை உண்டு. அவுட்ரைட் என்றால் மொத்த விலை கொடுத்து வாங்கிவிடுவது, லாப நஷ்டம் வாங்கியவருக்கு. எம்.ஜி. என்றால் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை தந்து, அதற்கு மேல் வந்தால் பங்கு. அட்வான்ஸ் என்றால் ஓடாதபோது திருப்பிக் கேட்கக்கூடிய பணம். கடைசி வகை கமிஷன்: விநியோகஸ்தர் தன் பணத்தைப் போடமாட்டார், தியேட்டர் பிடித்துக் கொடுத்து, வரும் பங்கில் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்வார். பெயர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்கு முதல் மூன்றும் கிடைப்பது குதிரைக்கொம்பு. கமிஷன்கூட, செலவை நீங்கள் முன்னால் கட்டினால்தான். போனை எடுக்காததற்குக் காரணம் உங்கள் படம் மோசம் என்பதல்ல. வருஷத்துக்கு 200க்கு மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன, வெள்ளிக்கிழமை 52தான். வாரத்துக்கு நாலைந்து படம் அதே திரைகளுக்கு முட்டிக்கொள்ளும்போது, விநியோகஸ்தர் பார்ப்பது முதல் மூன்று நாள் கூட்டத்தை. விழாவில் கைதட்டியது அவர் காதில் விழுவதில்லை. விழா முத்திரை போஸ்டரில் அழகாக இருக்கும், ஆனால் தியேட்டர் மேனேஜருக்கு அது "இது மெதுவாகப் போகும் படம்" என்று சொல்கிற முத்திரையாகவும் இருக்கிறது. கசப்பாக இருந்தாலும் நான் கண்ணால் பார்த்தது இதுதான்.

சரி, ஐம்பது தியேட்டர் ஆசாமி. அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது தியேட்டர் பட்டியல் ஒன்றை அவரால் நிஜமாகவே கொண்டுவர முடியும். என்ன காட்சி, எத்தனை நாள், படம் ஓடும் என்று உறுதி உண்டா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2017இல் நான் கூட இருந்த ஒரு படத்துக்கு 42 தியேட்டர் என்று விளம்பரம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை மலையில் ஒரு தியேட்டருக்கு நானே போனேன். போஸ்டர் ஒட்டவில்லை, சுருட்டியபடியே டிக்கெட் கவுண்டருக்குள் கிடந்தது. பதினோரு மணிக் காட்சிக்கு நான்கு கல்லூரிப் பையன்கள் வந்து, வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஆபரேட்டர் சாவி வரவில்லை என்றார். பதினொன்றே முக்காலுக்கு மேனேஜர் பையன்களைக் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்துத் திரையில் ஓடிய பெரிய நடிகர் படத்துக்கு அனுப்பிவிட்டார். அன்றைய டி.சி.ஆரில் எங்கள் படத்துக்கு எதிரே பூஜ்யம். திங்கள்கிழமை படமே இல்லை. தயாரிப்பாளரிடம் பிற்பாடு வந்த கணக்கில் அந்தத் தியேட்டரும் "வெளியானது" என்ற பட்டியலில்தான் இருந்தது. பத்துப் பேர்கூட வராத காட்சியை ரத்து செய்வது மேனேஜருக்குச் சாதாரண விஷயம். கரண்ட் செலவுக்குக்கூட வராது, அவரையும் குறை சொல்ல முடியாது.

சாவி என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படப்பெட்டி போய், இப்போது டி.சி.பி. என்ற டிஜிட்டல் கோப்பு வந்துவிட்டது. அது பூட்டியே வரும். ஒவ்வொரு தியேட்டரின் சர்வருக்கும் தனியாக, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஒரு சாவி போகும், கே.டி.எம். என்பார்கள். கியூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்கள் தியேட்டர்களில் கருவி வைத்து இதைச் செய்கின்றன. அதற்கான கட்டணம், வி.பி.எஃப்., தயாரிப்பாளர் தலையில் விழும். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதம் தமிழில் புதுப் படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் நிறுத்தி வைத்தார்கள். கோடிகளில் புரள்கிறவர்களே சண்டை போட்ட செலவு இது. உங்கள் நாலு லட்சத்துக்குள் இது அடக்கமா, தனியா என்று முதலில் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் தனி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு டிக்கெட்டில் வரியெல்லாம் போக 90 ரூபாய் நிற்கிறது, பங்கு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். பங்கு விகிதம் தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். பெரிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகளில் நாடு முழுக்கப் பழகிய கணக்கு முதல் வாரம் 50 சதவீதம், அடுத்து 42.5, பிறகு 37.5, அப்புறம் 30. ஒரு காட்சிக்கு 40 பேர் வந்தால் 3,600 ரூபாய், உங்கள் பங்கு 1,800. தினம் ஒரு காட்சி என்று ஏழு நாள் ஓடினால் 12,600. ஐம்பது தியேட்டரிலும் இப்படி ஓடினால் 6,30,000 ரூபாய். இந்தப் பெருக்கலைத்தான் அவர் உங்களிடம் காட்டியிருப்பார். ஆனால் ஐம்பது ஊரில் உங்களை யாருக்குத் தெரியும்? விளம்பரம் இல்லாமல் காட்சிக்கு ஆறு பேர் என்பதே என் அனுபவத்தில் நல்ல எண். அப்போது ஒரு காட்சிக்கு 270, வாரத்துக்கு 1,890, ஐம்பது தியேட்டருக்கும் சேர்த்து 94,500. அதுவும் ஒரு காட்சியும் ரத்தாகாமல் இருந்தால். கொடுத்தது நாலு லட்சம்.

அதனால் என் யோசனை, எட்டுக் காட்சி. எட்டுத் தியேட்டர் இல்லை, எட்டுக் காட்சி. இரண்டு மூன்று திரைகளில், சனி ஞாயிறு மட்டும், ஒவ்வொரு காட்சிக்கும் யார் வருவார்கள் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த காட்சி. உங்கள் கதை பச்சைத் தேயிலை. மலையில் அந்த விலையை அன்றாடம் பேசாத வீடு இல்லை. சிறு விவசாயிகள் சங்கங்கள், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் உறுப்பினர்கள், மகளிர் குழுக்கள் எல்லாமே டிக்கெட்டாக மாறக்கூடியவை. ஆளுக்கு ஒரு டிக்கெட் விற்காதீர்கள், குழுவுக்கு முப்பது டிக்கெட் என்று பேசுங்கள். நூறு சீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு மேனேஜரிடம் போனால், ஞாயிறு மேட்னியை அவரே எடுத்துக் கொடுப்பார். எத்தனை விழாச் சான்றிதழ் காட்டினாலும் கிடைக்காத காட்சி அது. அந்த எட்டுக் காட்சியின் டி.சி.ஆரைக் கையில் வைத்துக்கொண்டு கோவைக்கு இறங்குங்கள். விநியோகஸ்தருக்குப் புரிகிற மொழி அந்தத் தாள்தான்.

மலையில் நேரம் முக்கியம். நீங்கள் அங்கேயே இருப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் விடாத காட்சிக்குத் தோட்டத்து ஜனங்கள் வரமாட்டார்கள். இருட்டிவிட்டால் வழியில் கரடி, காட்டெருமை. செகண்ட் ஷோ கேட்டு வாங்காதீர்கள். ஏப்ரல் மே சீசனில் ஊட்டி ரோடே அடைத்துக்கொள்ளும், உள்ளூர்க்காரர்கள் வெளியே தலைகாட்டமாட்டார்கள், தியேட்டர்களும் டூரிஸ்ட் கூட்டத்துக்குப் பெரிய படம்தான் போடுவார்கள். ஜூன் ஜூலையில் காற்றும் மழையும். எனக்குப் பிடித்தது ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. பொங்கல் படங்கள் ஓடி முடிந்திருக்கும், பள்ளிப் பரீட்சை பயத்தில் பெரிய படங்கள் ஒதுங்கி நிற்கும், திரை காலியாகக் கிடைக்கும். பரீட்சை உங்களுக்கும் கொஞ்சம் அடிக்கும், ஆனால் உங்கள் பார்வையாளர்கள் பெற்றோர்கள். அப்புறம் ஒன்று. நீலகிரிக் கதைக்கு நீலகிரியில் இருப்பவர்களைவிடக் கோவையிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்ட நீலகிரிக்காரர்கள் அதிகம் உருகுவார்கள். எட்டில் மூன்று காட்சியைக் கோவைக்கு ஒதுக்குங்கள். கோவையில் கோணங்கள் திரைப்படச் சங்கம் பல வருஷமாக நல்ல படங்களைத் திரையிட்டு ஒரு பார்வையாளர் கூட்டத்தையே உருவாக்கி வைத்திருக்கிறது, அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் சென்சார். விழாவில் ஓடியதால் சான்றிதழ் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். விழாக்களுக்கு மத்திய அரசு தனியாக விலக்கு தருகிறது, அந்த விலக்கு விழாவோடு முடிந்தது. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுத் திரையிடல் எதற்கும் சான்றிதழ் வேண்டும். டிக்கெட் இல்லாமல் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் போட்டாலும் அதே சட்டம்தான். அப்படிக் கூடத்தில் போடுவதென்றால் இடத்துக்கு ஆட்சியர் அனுமதியும் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல செய்தி, 2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழ் பத்து வருஷத்தில் காலாவதியாவதில்லை. யு/ஏ என்பதையும் 7, 13, 16 என்று வயது வைத்துப் பிரித்துவிட்டார்கள். இதுவரை சொன்னது சட்டம், சந்தேகம் இல்லை. எத்தனை நாளில் கிடைக்கும் என்பது மட்டும் என் அனுபவத்தை வைத்துத்தான்: காகிதங்கள் சரியாக இருந்தால் சில வாரங்கள், ஒரு காகிதம் குறைந்தால் மாதக் கணக்கு. அந்தக் குறையும் காகிதம் பெரும்பாலும் விலங்கு. படத்தில் நாய், மாடு, கோழி எது வந்தாலும் விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். நம் மலையில் கேமராவை எங்கே வைத்தாலும் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை எட்டிப் பார்க்கும். ஒரு படத்தில் மூன்று விநாடி வந்த ஒரு நாய்க்காக இரண்டரை மாதம் நின்றிருக்கிறோம். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் எச்சரிக்கை வாசகமும், தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் போடும் விழிப்புணர்வுப் படமும் சேர்த்தாக வேண்டும். பின்னணியில் டீக்கடை ரேடியோவில் ஏதாவது சினிமாப் பாட்டு ஓடுகிறதா? உரிமை வாங்காமல் விடாதீர்கள், அல்லது ஒலியை மாற்றிவிடுங்கள். விழாவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், வெளியீட்டுக்கு முந்தின நாள் கேட்பார்கள்.

அப்படியானால் விழாவுக்குப் போனதே வீணா என்றால், இல்லை. விழாவில் நீங்கள் தேட வேண்டியது உங்கள் படத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கும் ஒருவரை. தமிழில் விழாப் படம் தியேட்டருக்கு வந்த வழியைப் பாருங்கள். "காக்கா முட்டை" 2014இல் டொரண்டோவில் திரையிடப்பட்டு 2015 ஜூனில் வெளியானது, தயாரிப்பில் வெற்றிமாறனும் தனுஷும் இருந்தார்கள். "மேற்குத் தொடர்ச்சி மலை" விழாக்களைச் சுற்றிவிட்டு 2018 ஆகஸ்டில்தான் வந்தது, தயாரித்தவர் விஜய் சேதுபதி. "பாரம்" 2018 கோவா விழாவில் ஓடி, தேசிய விருது வாங்கி, 2020 பிப்ரவரியில் வெற்றிமாறன் வழங்க வெளியானது. "கொட்டுக்காளி" 2024இல் பெர்லினுக்குப் போய், அதே வருஷம் ஆகஸ்டில் சிவகார்த்திகேயன் தயாரிப்பாக வந்தது. போஸ்டரில் "வழங்கும்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயருக்காகத் தியேட்டர்காரர் போனை எடுக்கிறார். ஆனால் பெயர் மட்டுமே போதும் என்றும் சொல்ல முடியாது. "கூழாங்கல்" 2021இல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் படமாகப் போனது, நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் பின்னால் இருந்தார்கள். 2023 அக்டோபரில் நேராக ஓ.டி.டி.க்குத்தான் வந்தது.

அப்படி ஒருவரைப் பிடிக்க, கோவாவில் நவம்பரில் மத்திய அரசின் திரைப்பட நிறுவனமான என்.எஃப்.டி.சி. நடத்தும் படச் சந்தை நல்ல இடம். பிலிம் பஜார் என்று இருந்தது, 2025 முதல் வேவ்ஸ் பிலிம் பஜார் என்கிறார்கள். அங்கே வியூயிங் ரூம் என்று ஒன்று உண்டு, படத்தைப் பதிவு செய்துவைத்தால் விழா நடத்துபவர்களும் வாங்குபவர்களும் தாங்களாகவே பார்ப்பார்கள். கூட்டத்தில் கைகுலுக்கி விசிட்டிங் கார்டு கொடுப்பதைவிட இது மேல். ஆளைப் பார்க்கப் போனால் படத்தின் லிங்க்கை நீட்டாதீர்கள். இரண்டு நிமிட டிரைலரும், மேலே சொன்ன டி.சி.ஆரும் போதும்.

ஓ.டி.டி. பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். கொரோனா காலத்தில் தியேட்டரே இல்லாமல் வாங்கினார்கள். இப்போது பெரும்பாலும் "தியேட்டரில் வந்ததா, எப்படிப் போனது" என்று கேட்கிறார்கள். தியேட்டருக்கும் ஓ.டி.டி.க்கும் இடையே தமிழில் வழக்கமாக நான்கு வார இடைவெளி வேண்டும் என்பார்கள். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: விழா, தியேட்டர், அப்புறம் ஓ.டி.டி. அவசரப்பட்டு எங்காவது ஏற்றிவிட்டால் தியேட்டர்காரர் தொடமாட்டார், முதல் திரையிடல் வேண்டும் என்று கேட்கும் விழாக்களும் கதவை மூடும். தமிழக அரசு சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்குத் தலா 7 லட்சம் ரூபாய் மானியம் தந்திருக்கிறது. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். பல வருஷப் படங்களுக்கு ஒரே நேரத்தில் சேர்த்துக் கொடுத்த கதை அது.

நாலு லட்சக்காரரிடம் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாம். மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். எந்தெந்தத் திரை, எந்தக் காட்சி, குறைந்தது எத்தனை நாள். டிஜிட்டல் கட்டணமும் போஸ்டரும் உள்ளடக்கமா, செலவுக்கு உச்சவரம்பு என்ன. தினசரி டி.சி.ஆர். உங்களுக்கு நேரடியாக வருமா, சாவி அனுப்பச் சொல்லும் அதிகாரம் யார் கையில். மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தால் ஐம்பதை ஐந்தாகக் குறைத்து, பணத்தையும் அதற்கேற்பக் குறைத்துப் பேசிப் பாருங்கள், மனிதர் வேலைக்கு உதவுவார். எழுதித் தராவிட்டால் விட்டுவிடுங்கள். எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கோவை ஏரியா, தியேட்டர் உரிமை மட்டும், ஒரு வருஷம் என்று நிறுத்துங்கள்.

சென்சாருக்கு அனுப்பும் முன் படத்தை ஒரு தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்து, எந்தெந்த ஷாட்டில் என்ன விலங்கு என்று நேரம் குறித்து ஒரு பட்டியல் எழுதுங்கள், தம்பி. காட்டெருமை இருக்கிறதா, இருந்தால் அது தானாக நடந்து போனதா, நீங்கள் விரட்டினீர்களா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.